மூன்று பெட்டி, ஒரு கம்பி

லிம் சூ காங் சாலை முடிகிற இடத்தில்
கார் விளக்கை அணைத்துவிட்டு
கள்ளக் கடத்தல்காரர்கள் போல் இறங்கினோம்.

வீட்டில் முடியாது.
பதினோராம் மாடியில்
மின்தூக்கி ஏறும்போதெல்லாம் இந்தியா இறங்கிவிடும்.
எதிர்வீட்டு மீன்தொட்டி விளக்கு
ஐந்நூற்று முப்பத்தொன்றுக்கு மேல்
ஒரு நிலையத்தையும் உயிரோடு விடாது.

அறுபது மீட்டர் செம்புக் கம்பி
அலையாத்தி மரங்களை ஒட்டி, மேற்கே, சற்று வடக்கே சாய்த்து.
அதன் நுனியை மூன்றாகப் பிரித்து
மடக்கு மேசையில் மூன்று பெட்டிக்கும்
சமமாக ஊட்டினான் பூன் தெக்.
சமம் அவனுக்கு முக்கியம்.
மின்தூக்கிகளைச் சோதித்துக் கையெழுத்திடுகிறவன்.

ரொஸ்லானுடையது கப்பலில் இருந்த பெட்டி, பதினெட்டுக் கிலோ.
டயல் எண்ணெய்க்குள் சுழல்வதுபோல் சுழலும்.
என்னுடையது எண்பத்தைந்தில் ஜப்பானில் செய்தது,
நான்கு வடிகட்டி, இரண்டு மாதச் சம்பளம்.
பாதி விலை சொல்லலாம் என்றிருந்தேன்;
செல்வநாயகி ரசீதை எனக்கு முன்பே படித்துவிட்டாள்.
பூன் தெக்குடையதற்கு டயலே இல்லை.
சீட்டுக்கட்டு அளவு. மடிக்கணினித் திரையில்
அலைவரிசை முழுக்க நீல மழையாய் வழியும்,
நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு.
குரல் வருமுன் கோடு வந்துவிடுகிறது.
உண்ணுமுன் ஏப்பம்.

எட்டு ஐம்பது.
தூத்துக்குடியில் இப்போதுதான் பொழுது இறங்குகிறது.
ஆயிரத்து ஐம்பத்து மூன்றில்
முதலில் சுமத்ரா மின்னல், கல்லுப்பு கொட்டுவதுபோல்.
பிறகு யாரோ தண்ணீருக்கடியில் பேசினார்கள்.
பிறகு அது தமிழாயிற்று:

மன்னார் வளைகுடாவில் தரைக்காற்று மணிக்கு

அங்கே மங்கியது.

மூன்று பதிவையும் திருப்பிப் போட்டோம்.
கப்பல் பெட்டி முப்பத்தைந்து என்றது.
என் பெட்டி ஐம்பத்தைந்து என்றது.
சீட்டுக்கட்டு "த்தைந்து" என்று மட்டும் சொல்லிவிட்டுச்
சும்மா இருந்தது.

படகை இறக்கலாமா கூடாதா என்பது
அந்தத் தலையில்லாத சொல்லில் இருக்கிறது.

தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
தீர்ப்புச் சொல் என்று தாளை நீட்டினார்கள்,
உணர்திறன், தெரிவுத்திறன், மங்கலைத் தாங்கல்,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண்.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேள், என்றான் ரொஸ்லான்,
இந்தச் சில்வண்டுச் சத்தத்தில் என்ன விளங்கும்?

எந்தச் சில்வண்டு?

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

முப்பத்தோராண்டு ஜூரோங் பட்டறையில்
கப்பல் தகட்டுக்குச் சாணை பிடித்த காது.
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் இங்கே சுவர், என்று
மருத்துவமனையில் ஒரு பெண் கோடு போட்டுக் காட்டினாள்.
மறந்துவிட்டேன் என்றேன் நண்பர்களிடம்.
மறக்கவில்லை.

மத்திய அலையும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது.
ஒன்பது கிலோஹெர்ட்ஸுக்கு ஒருவராக
நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பவர்கள்
பக்கத்தவர் தோளில் இடிக்காமலிருக்க
குரலின் உச்சியை நறுக்கிவிட்டு வருகிறார்கள்.
அழைப்பு மணியும் மைனாவும்
பேத்தியின் பெயரிலுள்ள சகரமும் போன பிறகு
இதில் மட்டும் எனக்கு ஒன்றும் குறையவில்லை.
மீதிக் காதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.
இத்தனை டாலரை ஏன் கொட்டினாய் என்று கேட்டவளுக்கு
இதைச் சொல்லியிருக்கலாம்.

தாளை வாங்கி
என் பெட்டிக்கு நானே போட்டிருந்த ஐந்துகளை அடித்தேன்.
சீட்டுக்கட்டுக்கு முழு மதிப்பெண்.
கேட்காததைக் கேட்கவில்லை என்றது
மேசையில் அது ஒன்றுதான்.
பூன் தெக் நன்றி சொல்லாமல் கேபிளை இறுக்கினான்.

ஒன்பதே கால். அறிவிப்பை மறுபடி வாசிப்பார்களா என்று
கொசுவை அடித்துக்கொண்டு காத்திருந்தோம்.
எதிரே ஜோகூர் விளக்குகள்.
அதோ, அந்தப் புதரில், என்று ரொஸ்லான்
சில்வண்டு இருக்கும் இடத்துக்குக் கை நீட்டினான்.

நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றேன்.